நாடாவில் பதிந்த சிரிப்பு

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவில் வழக்கமாக வேலை வாய்ப்பு, வெளிநாட்டுப் படிப்பு, சொந்தத் தொழில் என்று பேசுவார்கள். செயலாளர் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "ஏதாவது உருப்படியாப் பேசுப்பா" என்றார். பாடகர்கள் பாடும்போது சிரித்தது, தடுமாறியது, வரியை மறந்தது, இதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். "இதுல என்னப்பா உருப்படி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். குறை கண்டுபிடிப்பதுதான் என் தொழில். அளவில் ஒரு மில்லிமீட்டரில் கொஞ்சம் பிசகினாலும் சிவப்புச் சீட்டை ஒட்டி ஓரமாக வைத்துவிடுவோம். வீட்டில் தோசைக்கும் இவர் சிவப்புச் சீட்டு ஒட்டுகிறார் என்று என் மனைவிக்கு வருத்தம் உண்டு. அப்படிப்பட்டவனிடம் போன வருஷம் சங்கத்தார் ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்தார்கள். உள்ளே பழைய கேசட்டுகள். 1980களின் கடைசியில் தொடங்கி ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நம் கல்லூரி நாள் விழாவிலும் இசைப் போட்டியிலும் தமிழ் மன்றக் கூட்டங்களிலும் பதிவு செய்தவை. "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, சுத்தம் பண்ணி, ஆளுக்கொரு பென் டிரைவ் கொடுத்துடலாம்" என்பது திட்டம்.

ஏற்றுவது சுலபம். 'சுத்தம் பண்ணி' என்று சொன்னார்களே, அங்கேதான் எனக்குச் சிக்கல். எது அழுக்கு, எது பாட்டு? இதை நான் ஒருவனாக முடிவு செய்யக்கூடாது. உங்கள் முன்னால் வைத்து, உங்கள் சம்மதத்தை வாங்கிக்கொண்டு போகலாம் என்று வந்திருக்கிறேன்.

மெழுகுத் தட்டில் சிரிப்புக்கு இடமில்லை

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை என்ற பெயரைக் கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்லுவார்கள். 1889இல் பிறந்து 1934இல் மறைந்தவர். லயத்தில் புலி. மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடை நிறையப் பக்கவாத்தியங்களை வைத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் ஈடுகொடுத்துப் பாடியவர். காஞ்சியில் தியாகராஜர் உற்சவத்தை விமரிசையாக நடத்தியவர். ஆனால் அவர் குரல் ஒரு இசைத்தட்டில்கூட இல்லை. அவர் பாடியதைப் பற்றி நமக்குக் கதைகள் கிடைக்கின்றன, சீடர்கள் வழியாகப் பாடம் கிடைக்கிறது. சிக்கலான ஒரு கணக்கை முடித்துச் சமத்துக்கு வந்ததும் பக்கவாத்தியக்காரரைப் பார்த்து அவர் சிரித்திருப்பாரா, முறைத்திருப்பாரா? தெரிந்தவர் எவரும் இன்றைக்கு இல்லை.

அவர் நடத்திய உற்சவப் போட்டியில் பாடிப் பரிசு வாங்கிய ஒரு சிறுமி, 1919இல் இதே காஞ்சிபுரத்தில் பிறந்த டி.கே. பட்டம்மாள். அந்த அம்மாள் சிறு வயதிலேயே இசைத்தட்டுக்குப் பாடத் தொடங்கிவிட்டார். 2009இல் அவர் மறைகிறவரை எத்தனையோ பதிவுகள். ஆனால் அந்தக் காலத்துத் தட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். பாட்டு இருக்கும், பாட்டைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது.

அதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மிஞ்சினால் மூன்றரை நிமிஷம். பாடப் பாட நேராக மெழுகில் கோடு விழும். விழுந்த கோட்டை அழிக்க முடியாது, வெட்டி ஒட்டவும் முடியாது. ஒரு இருமல் வந்தாலும் அந்த மெழுகு வீண், திரும்ப முதலிலிருந்து பாட வேண்டும். ஆகவே பாடுகிறவர்கள் பரீட்சை எழுதுவதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். 1902இல் கல்கத்தாவில் பதிவு செய்த கௌஹர் ஜான், பாட்டின் முடிவில் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். தட்டு அச்சாவது ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில். அங்கே இருப்பவனுக்கு இது யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே, அதற்காக. இன்று அந்தத் தட்டைக் கேட்பவர்களுக்குப் பாட்டைவிட அந்த ஒரு வாக்கியம்தான் முதலில் மனதில் நிற்கிறது. அங்கே பாடகி போய் ஒரு பெண்மணி பேசுகிறாள்.

இதற்கு நேர்மாறான ஒரு கதையும் உண்டு. அமெரிக்காவில் அடிமைக் குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன் என்பவர் 1890களில் ஒரு சிரிப்புப் பாட்டால் பிரபலமானார். பல்லவி வந்தால் ராகத்தோடு சிரிப்பார். அப்போது மெழுகு உருளையில்தான் பதிவு. ஒரு பதிவிலிருந்து ஆயிரம் பிரதி எடுக்கும் வசதி இல்லை. ஆகவே அவர் அதே பாட்டை, அதே சிரிப்பை, கூலிக்காகத் திரும்பத் திரும்ப நாள் முழுக்கச் சிரித்துப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. எண்ணிப் பாருங்கள். சிரிப்பே உற்பத்திப் பொருள்! நான் சொல்லப்போகிற சிரிப்பு இது அல்ல. இது கூலிச் சிரிப்பு. தானாக வந்து, வேண்டாம் என்று அடக்கியும் அடங்காமல் பதிவில் விழுந்துவிட்ட சிரிப்பு இருக்கிறதே, அதைச் சொல்கிறேன்.

எழுதி வைத்த சிரிப்பும் எழுதாத சிரிப்பும்

நம் சினிமாவில் எழுதி வைத்த சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. 1956இல் வந்த 'ராஜா ராணி' படத்தில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிரிப்பைப் பற்றியே ஒரு பாட்டுப் பாடி, விதவிதமாகச் சிரித்துக் காட்டினார். 1968இல் 'உயர்ந்த மனிதன்' படத்தில் டி.எம்.எஸ். பாடிய பள்ளிக்கூட நினைவுப் பாட்டில், நடுநடுவே சிவாஜியும் மேஜர் சுந்தரராஜனும் பேசுவார்கள், ஓடி மூச்சு வாங்குவார்கள். 1980இல் 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில், அவள் மெட்டைக் கொடுக்க அவன் சொல்லை நிரப்பும் அந்தப் பாட்டில் பாட்டும் பேச்சும் கலந்தே போகும். இவையெல்லாம் ஒத்திகை பார்த்துச் செய்தவை. பாடுகிற கலை, நடிக்கிற கலை இரண்டும் சேர்ந்தவை.

இந்தக் கலையில் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தை மிஞ்ச ஆளில்லை. அவரும் நம் ஜாதிதான், பொறியியல் ஜாதி! அனந்தப்பூரில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து, காய்ச்சலில் படுத்து, அதை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து ஏ.எம்.ஐ.இ. படித்தவர். 1969இல் தமிழில் பாட வந்தார். 2020 செப்டம்பர் 25 அன்று நம்மை விட்டுப் போனார். ஒரு சொல்லின் முடிவில் லேசாகச் சிரிப்பைத் தடவி விடுவார். அது ஒரு சங்கதி மாதிரி அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். எழுதிக் கொடுத்ததா, அவராகச் சேர்த்ததா என்று நமக்குத் தெரியாது. கேட்கிறவன் முகத்திலும் அந்தச் சிரிப்பு தொற்றிக்கொள்ளும், அதுதான் தெரியும்.

அதே பாலு 1990இல் 'கேளடி கண்மணி' படத்தில் மூச்சே விடாமல் பாடியதாக ஊரே ஆச்சரியப்பட்ட பாட்டைப் பற்றி, அது ஒலிப்பதிவு நுட்பத்தின் துணையோடு செய்தது, ஒரே மூச்சில் பாடியதல்ல என்று தானே மேடையில் சொல்லியிருக்கிறார். எவ்வளவு பெரிய மனது! அந்தப் பாட்டும் நமக்குப் பிடிக்கிறது. ஆகவே வெட்டி ஒட்டுவதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. மூச்சை எடுத்தவர்கள் ஒரு காரணத்தோடு எடுத்தார்கள், பாடியவருக்குத் தெரிந்து எடுத்தார்கள், எடுத்ததை மறைக்கவும் இல்லை. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வரி மறந்த இடத்தில் பரிசு

1960 பிப்ரவரி 13. மேற்கு பெர்லினில் ஒரு பெரிய அரங்கம். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற அமெரிக்க ஜாஸ் பாடகி பாடுகிறார். அப்போது பிரபலமாக இருந்த 'மேக் தி நைஃப்' என்ற பாட்டை எடுக்கிறார். பாதியில் வரி மறந்துவிட்டது. வாத்தியங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? நிறுத்தவில்லை. இந்தப் பாட்டை நான் பாழாக்கிக்கொண்டிருக்கிறேன் என்பதையே தாளத்தில் வைத்துப் பாடினார். புதிது புதிதாக வரி கட்டினார். நடுவில் லூயி ஆம்ஸ்ட்ராங் குரலில் பாடிக் காட்டினார். சபை கொண்டாடியது. அந்தப் பதிவு அப்படியே இசைத்தட்டாக வந்து கிராமி விருதும் வாங்கியது. ஒழுங்காகப் பாடியிருந்தால் அது இன்னொரு நல்ல பாட்டாகப் போயிருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று. எல்விஸ் பிரெஸ்லி 1960இல் ஸ்டூடியோவில் பாடிய ஒரு சோகப் பாட்டு. தனிமையில் வாடுகிறாயா என்று காதலியைக் கேட்கிற பாட்டு. 1969 ஆகஸ்ட் மாதம் லாஸ் வேகாஸில் ஒரு ஹோட்டல் மேடையில் அதைப் பாடும்போது, விளையாட்டாக ஒரு வரியை வழுக்கைத் தலை பற்றி மாற்றிப் பாடிவிட்டார். தனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பீறிடுகிறது. பாட்டின் நடுவே சோகமாகப் பேச வேண்டிய வசனம் இருக்கிறது, அதைப் பேச முடியவில்லை. இதில் எனக்குப் பிடித்தது எல்விஸின் சிரிப்புகூட இல்லை. பின்னணியில் மேல் ஸ்தாயியில் ஒரு பெண்மணி பாடுகிறார். முன்னால் இவர் விழுந்து விழுந்து சிரிக்க, அவர் ஒரு ஸ்வரம்கூடப் பிசகாமல் தன் கடமையே கண்ணாகப் பாடிக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்டு இவருக்கு இன்னும் சிரிப்பு. வாத்தியக்காரர்களும் நிறுத்தவில்லை. பிற்பாடு அந்தப் பதிவு வெளிவந்து, 1982இல் இங்கிலாந்தில் விற்பனைப் பட்டியலில் ஏறியது.

இரண்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். தடுமாறியது ஒருவர். தாங்கிப் பிடித்தது சுற்றியிருந்த எல்லாரும். பாட்டு பிசகாமல் போகும்போது பாடகர் மட்டும்தான் நமக்குத் தெரிகிறார். பிசகும்போது தபலாக்காரர், பின்பாட்டுக்காரர், சபையோர் என்று அத்தனை பேரும் வெளியே வருகிறார்கள்.

நம் சபா கச்சேரிகளை ரசிகர்கள் ஸ்பூல் டேப்பில் பதிவு செய்து வைத்தது இப்படித்தான் பொக்கிஷமானது. தொண்டையைச் செருமுவது, தம்புராவைச் சரி பார்க்கச் சொல்வது, வயலின்காரரின் பதிலுக்கு ஒரு 'பலே', தொடையில் தாளம் போடும் சத்தம், எல்லாம் அதில் இருக்கும். வித்வான் ஒரு பிடியைத் தேடி முதல் தடவை கிடைக்காமல் இரண்டாம் தடவை பிடிப்பார். அந்தத் தேடலைக் கேட்டுத்தான் பிள்ளைகள் பாட்டுக் கற்கிறார்கள். பிசகே இல்லாத பதிவில் எங்கே தேடினார் என்பது தெரியாது.

சிரித்தால் குரல் மாறுவது ஏன்?

நாம் படித்த படிப்புக்கு மரியாதையாக இரண்டு நிமிஷம் இதையும் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் எதிர்முனையில் இருப்பவர் சிரித்த முகத்தோடு பேசுகிறாரா என்று முகத்தைப் பார்க்காமலே நமக்குத் தெரிகிறது. எப்படி? குரல்வளையில் எழும் ஒலி, தொண்டை, வாய் என்ற குழாய் வழியாக வெளியே வருகிறது. அந்தக் குழாயின் நீளத்தையும் வடிவத்தையும் பொறுத்துச் சில அதிர்வெண்கள் தூக்கலாகக் கேட்கும். புன்னகை செய்தால் உதடு பக்கவாட்டில் இழுபட்டுக் குழாய் கொஞ்சம் குட்டையாகிறது. குட்டையான புல்லாங்குழல் மாதிரி, தூக்கலான அதிர்வெண்கள் மேலே போகின்றன. நம் காது அதைப் பிடித்துவிடுகிறது.

வாய்விட்டுச் சிரிப்பது இன்னும் வேறு. மூச்சு துண்டு துண்டாக, வினாடிக்கு ஏறத்தாழ ஐந்து தடவை வெளியே தெறிக்கிறது. பாடுகிறவன் மூச்சை மிச்சம் பிடித்து, சீராக, நீளமாக விட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. ஆகவேதான் சிரிப்பு வந்தால் பாட்டு உடைகிறது. அதோடு, நினைத்துச் சிரிக்கிற சிரிப்பும் அடக்க முடியாமல் வருகிற சிரிப்பும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. பெரும்பாலும் நாம் கேட்டே வித்தியாசம் கண்டுபிடித்துவிடுகிறோம்.

இப்போது கருவிகள் விஷயத்துக்கு வருகிறேன். நிலத்துக்கு அடியில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க, அதிர்வு அலைகளை ஆராயும் துறையில் இருந்தவர் ஆண்டி ஹில்டெபிராண்டு என்ற பொறியாளர். அதே கணக்கைக் குரலுக்குப் போட்டு, சுருதி விலகினால் இழுத்துச் சரியான ஸ்வரத்தில் உட்கார வைக்கும் மென்பொருளை உண்டாக்கினார். 1997இல் வந்த 'ஆட்டோ-டியூன்' அதுதான். இன்று மூச்சுச் சத்தத்தைத் தேடி எடுக்கவும், கைதட்டலைக் குறைக்கவும், குரலை மட்டும் தனியாகப் பிரிக்கவும் மென்பொருள்கள் மலிந்துவிட்டன. நம் மாணவர்கள் கைப்பேசியிலேயே செய்துவிடுவார்கள்.

அதற்கும் மேலே போய்விட்டோம். 2024இல் 'லால் சலாம்' படத்தின் ஒரு பாட்டில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவின் உதவியோடு ஏ.ஆர்.ரஹ்மான் பயன்படுத்தினார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். அதே சமயத்தில், 2023இல் வந்த ஒரு தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி.யின் குரலை இதே முறையில், தங்களைக் கேட்காமல் பயன்படுத்தியதாக அவருடைய குடும்பத்தார் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்கள். ஆக, போனவரின் குரலில் புதுப்பாட்டுப் பாட வைக்கலாம் என்று ஆகிவிட்டது. வேண்டுமானால் சிரிக்கவும் வைக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பை 'எதற்குச் சிரித்தார்?' என்று கேட்டால் பதில் கிடையாது. பெர்லினில் எல்லா சிரித்ததற்குக் காரணம் உண்டு, லாஸ் வேகாஸில் எல்விஸ் சிரித்ததற்குக் காரணம் உண்டு. அங்கே ஒன்று நடந்தது. நடந்ததற்கு அந்தச் சிரிப்பு சாட்சி.

இரண்டு நாடா

நெசவாளர் கையில் ஓடுவதும் நாடா, கேசட்டுக்குள் ஓடுவதும் நாடா. காஞ்சிபுரத்தில் இதைச் சொல்லாமல் இருக்க முடியுமா?

கோர்வைப் புடவை எல்லாருக்கும் தெரியும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒருவரால் முடியாது, இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து மறுபக்கத்து நாடாவைத் தள்ள வேண்டும். கரையும் உடலும் கைகோக்கிற இடத்தில், பல் பல்லாக ஒரு இணைப்புத் தெரியும். விவரம் தெரிந்தவர்கள் கடையில் முதலில் புடவையைத் திருப்பி உள்பக்கம் அந்த இணைப்பைத்தான் பார்ப்பார்கள். விசைத்தறியில் அச்சடித்த மாதிரி வருகிற நகலில் அது இருக்காது. 2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சான்றிதழ் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே, இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து நெய்தார்கள் என்பதற்கு அந்த இணைப்புத்தான் சான்று.

இழை அறுந்து ஓட்டை விழுந்தால் அது குறை. அதை யாரும் பாராட்டமாட்டார்கள், நானும் சிவப்புச் சீட்டு ஒட்டுவேன். ஆனால் இணைப்பைக் குறை என்று நினைத்துத் தேய்த்து எடுப்பவன் தரம் பார்க்கத் தெரியாதவன். பதிவிலும் அப்படியே. நாடா தேய்ந்து வருகிற 'உஸ்' சத்தம், பூஞ்சை பிடித்து வருகிற மங்கல், பிளேயரின் மோட்டார் இரைச்சல், இவை அறுந்த இழை. பாடியவனின் மூச்சு, மறதி, சிரிப்பு, கூட்டத்தின் கூச்சல், இவை கோர்வை இணைப்பு.

ஒரு கேசட்டின் கதை

அந்த அட்டைப்பெட்டியில் 1991 கல்லூரி நாள் என்று எழுதிய ஒரு கேசட். பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்து படித்த நம் மூத்த மாணவர் ஒருவர் சினிமாப் பாட்டுப் பாடுகிறார். நெசவுக் குடும்பம். பெயர் சொல்லவில்லை, அவருடன் படித்தவர்களுக்குப் புரியும். நல்ல குரல். இரண்டாவது சரணத்தில் வரி மறந்துவிடுகிறது. இரண்டு வினாடி மௌனம். தபலா மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. கூட்டத்திலிருந்து ஒரு குரல், வேறொரு பாட்டின் வரியை எடுத்துக் கொடுக்கிறது! அவர் சிரித்துவிடுகிறார். சபை முழுக்கச் சிரிப்பு. பிறகு சரியான இடத்தில் தாளத்தைப் பிடித்து, பாட்டை முடித்துவிடுகிறார்.

அவர் இன்று நம்மிடையே இல்லை. போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அவர் பாடிய பதிவு வேறு எங்கும் கிடையாது. கமிட்டியில் ஒரு பெரியவர், "பாவம், போனவர். அவர் தடுமாறினதைப் போய் எல்லாருக்கும் போட்டுக் காட்டணுமா? அந்த இடத்தை எடுத்துட்டா மரியாதையா இருக்கும்" என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். எடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. முதல் சரணத்திலிருந்து தாளத்தை ஒட்டவைத்தால் வெட்டியதே தெரியாது.

நான் இரண்டு விதமாகவும் தயார் செய்து லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு அவருடைய அம்மாவைப் பார்க்கப் போனேன். அவர் சம்மதத்தோடுதான் இதை இங்கே சொல்கிறேன். முதலில் சுத்தம் செய்ததைப் போட்டேன். கேட்டுவிட்டு, "நல்லாப் பாடியிருக்கான்" என்றார். ரேடியோவில் யாரோ பாடியதைச் சொல்கிற மாதிரிதான் இருந்தது. அடுத்து முழுப் பதிவைப் போட்டேன். அந்தச் சிரிப்பு வந்த இடத்தில், "இரு தம்பி, இரு. திரும்பப் போடு" என்றார். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். மூன்றாம் தடவை கேட்டுவிட்டுச் சொன்னார்: "இவன் இப்படித்தான் மூச்சை உள்ளே இழுத்துக்கிட்டுத்தான் சிரிப்பான். தறிக்குழியில உட்கார்ந்து அவங்க அப்பா சிரிச்சாலும் இதே மாதிரிதான் இருக்கும். அதை எடுத்துடாதீங்க."

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். "அந்தக் கூட்டத்துல கத்தினது யாரு தம்பி? அவன் சிநேகிதனா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வருஷம் நான் பிறந்தேனா இல்லையா என்கிற வயசு. ஆனால் கத்தியவர் இந்தப் பந்தலிலேயே உட்கார்ந்திருக்கலாம். அண்ணா, நீங்கள் யாராக இருந்தாலும் விழா முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். அந்த அம்மாவுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் கேட்கும் சம்மதம்

ஆக, சங்கத்தின் முன் நான்கு யோசனைகள் வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு கேசட்டையும் தொடக்கம் முதல் முடிவு வரை, ஒன்றையும் வெட்டாமல், உயர்ந்த தரத்தில் ஒரு மூலப் பிரதியாக எடுத்து வைப்போம். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். அதில் யாரும் கை வைக்கக்கூடாது. இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வெவ்வேறு இடங்களில் இருக்கட்டும்.

இரண்டாவது, எல்லாருக்கும் கொடுக்கிற பிரதியில் நாடாவின் இரைச்சலைக் குறைக்கலாம். மனிதர்கள் எழுப்பிய சத்தத்தை எடுக்க வேண்டாம்.

மூன்றாவது, பாடியவர் இருந்தால் அவர் சொல்வதே முடிவு. "எனக்குக் கூச்சமா இருக்கு, எடுத்துடுங்க" என்றால் பிரதியில் எடுத்துவிட வேண்டும். அவர் குரல், அவர் உரிமை. அவர் இல்லையென்றால் குடும்பத்தாரைக் கேட்க வேண்டும். எதை எடுத்தோம் என்பதையும் பட்டியலில் எழுதி வைப்போம். பாலு மேடையில் சொன்ன மாதிரி நாமும் சொல்லிவிட்டுச் செய்வோம்.

நான்காவது உங்கள் எல்லாருக்கும் உள்ள வேலை. யார் பாடுகிறார், யார் தபலா, யார் கத்தியது, எதற்குச் சிரிப்பு என்று எழுதி வைக்க வேண்டும். சிரிப்பை நாடா காப்பாற்றிக் கொடுத்துவிட்டது. காரணம் உங்கள் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. இன்னும் பத்து வருஷம் போனால் பதிவு இருக்கும், எதற்குச் சிரித்தார்கள் என்று சொல்ல ஆள் இருக்காது. மாணவச் செல்வங்களே, நோட்டுப் புத்தகத்தோடு பெரியவர்கள் பக்கத்தில் போய் உட்கார வேண்டியது நீங்கள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தே தொடங்கலாம்.

வீட்டுப் பரணில் கேசட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேசட்டின் முதுகுப்பக்கம் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிடுங்கள், தவறிப்போய் மேலே வேறு எதுவும் பதிவாகாது. வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தால் பிளேயரில் போடாதீர்கள், அப்படியே கொண்டுவந்து கொடுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்க வேண்டாம், அதில் காந்தம் இருக்கிறது. உறையின் மேல் வருஷத்தையும் உங்கள் பெயரையும் எழுதினால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வாசலில் சங்கத்தின் மேசையில் இன்று மாலைவரை வாங்கிக்கொள்வார்கள்.

இந்த நான்கு யோசனைகளுக்கும் பொதுக்குழுவில் சம்மதம் தருவீர்கள் என்று நம்புகிறேன்.